நாற்பதாயிரம் டாக்டர்கள் எழுதிய பதில்

நுரையீரல் புற்றுநோய் என்றதும் இன்று எல்லோருக்கும் சிகரெட் ஞாபகம் வருகிறது. நூறு வருடங்களுக்கு முன் அப்படி இல்லை. 1912-ல் ஐசக் ஆட்லர் என்ற அமெரிக்க டாக்டர் இந்நோயைப் பற்றி ஒரு நூல் எழுதியபோது, இவ்வளவு அபூர்வமான நோய்க்குத் தனி நூல் தேவையா என்று அவரே தயங்கினார்.

முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் இந்நோயால் இறப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். காரணம் தேடும் வேலை ரிச்சர்ட் டால் என்ற டாக்டருக்கும், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியல் நிபுணருக்கும் வந்தது. (ஹில் படித்தது மருத்துவம் அல்ல, பொருளாதாரம். காமர்ஸ் படித்த எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம்!) டாலுக்கு முதலில் சந்தேகம் சாலைத் தார் மீதும் மோட்டார் புகை மீதும்தான்.

லண்டன் ஆஸ்பத்திரிகளில் இந்நோய் கண்ட 649 ஆண்களையும், வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த அதே வயதுள்ள 649 ஆண்களையும் விசாரித்தார்கள். இரண்டாவது பட்டியலில் புகைக்காதவர்கள் 27 பேர். முதல் பட்டியலில் 2 பேர்தான். நிறையப் புகைத்தவர்களும் நோயாளிகளிடையேதான் அதிகம். 1950-ல் இது வெளியானது. அந்த ஆய்வு நடக்கும்போதே டால் சிகரெட்டை விட்டுவிட்டார்.

பலர் நம்பவில்லை. எனவே 1951-ல் பிரிட்டிஷ் டாக்டர்களுக்கே கடிதம் போனது: நீங்கள் புகைப்பவரா, எவ்வளவு? சுமார் 40,000 பேர் பதில் எழுதினார்கள். பிறகு அவர்களில் யார், எப்போது, எதனால் இறக்கிறார் என்று பேரேடு போலப் பதிந்து வந்தார்கள். ஆண் டாக்டர்களின் கணக்கு மட்டும் 50 ஆண்டுகள் ஓடியது. 2004-ல் அதன் முடிவு வந்தபோது டாலுக்கு வயது 91.

இந்நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. பலருக்கு முற்றிய பிறகே தெரிகிறது. அறுவை சிகிச்சையால் அகற்றக்கூடிய நிலையில் அகப்படுபவர்கள் குறைவு. பிழைப்பவர்கள் குறைவாக இருப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம். அதனால்தான் நோய் வருவதற்கு முந்தைய கணக்கு இவ்வளவு முக்கியமாகிறது.

"இந்த வயசுக்கு மேல விட்டு என்ன சார் ஆகப்போகுது?" என்று நம் பார்க் பெஞ்சில் அடிக்கடி கேட்கிறேன். டாலின் கணக்கில் அதற்கும் பதில் இருக்கிறது. கடைசி வரை புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் திரும்பக் கிடைத்தது. 40-ல் விட்டவர்களுக்கு 9, 50-ல் 6, 60-ல் விட்டவர்களுக்கும் 3 வருடம். இது மாரடைப்பு முதலிய எல்லா மரணங்களையும் சேர்த்த கணக்கு.