மூலிகை ஊக்கிகள்: உடல்நலக் கேடுகள்

களைப்பு நீங்கும், தெம்பு கூடும், உடம்பு இளைக்கும் என்று சொல்லி மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கப்படும் தாவரச் சரக்குகள் மூலிகை ஊக்கிகள் எனப்படும். ஜின்செங், எபெட்ரா, குவாரானா, யோகிம்பே பட்டை ஆகியவை பரவலாகப் புழங்குபவை. பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துச் செங்கல் போன்ற கேரள–தமிழக எல்லைக் கிராமங்களில் அரிஷ்டமும் குளிகையும் வீட்டுச் சாமான்கள். அந்தப் பழக்கத்தில், ஜிம்மில் கைமாறும் டப்பாவையும் ‘பச்சமருந்துதானே’ என்று நம்பிவிடுவது எளிது.

கேரளத்துக்கு இதில் கசப்பான பாடம் உண்டு. 2011இல் இந்தியத் தொடர் ஓட்ட வீராங்கனைகள் 6 பேர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினர்; அவர்களில் சினி ஜோஸ், டியானா மேரி தாமஸ் இருவரும் மலையாளிகள். முந்தைய ஆண்டு குவாங்சூ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலிருந்து மூவர் அந்த அறுவரில் அடக்கம். பயிற்சியாளர் யூரி ஒகரோத்னிக் சீனாவில் வாங்கிக் கொடுத்த ஜின்செங்கைச் சோதித்தபோது அதில் ஸ்டீராய்டு இருந்தது. அவர் வேலை போயிற்று. வீராங்கனைகளுக்கு முதலில் விதித்த 1 ஆண்டுத் தடையை விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2012இல் 2 ஆண்டாக்கியது. ஜின்செங் பாவம், பழி அதன் பெயரில் போயிற்று, கெடுத்தது கலப்படம்.

எபெட்ராவின் கதை வேறு. அங்கே மூலிகையே வினை. அதிலுள்ள எபெட்ரின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். காபினோடு சேர்ந்தால் இன்னும் முடுக்கும். பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் 2003இல் பயிற்சியின்போது வெப்ப வாதத்தால் 23 வயதில் இறந்தார். அவர் உட்கொண்ட எபெட்ராவும் காரணங்களில் ஒன்று எனப் பிரேதப் பரிசோதனை கண்டது. மறு ஆண்டே அமெரிக்கா எபெட்ரா கலந்த துணை உணவுகளைத் தடைசெய்தது.

இந்தியாவில் ஆயுர்வேத மருந்துகள் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழும், துணை உணவுகள் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வருகின்றன. அபின், எட்டி போன்ற நச்சுச் சரக்கு சேர்ந்த உள்மருந்தின் லேபிளில், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம். உரிம எண்ணே இல்லாத டப்பா இரண்டு சட்டத்துக்கும் வெளியே நிற்கிறது.

வேறு மருந்தோடு சேரும்போது சிக்கல் கூடும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினின் வேகத்தை ஜின்செங் குறைத்துவிடக்கூடும். ‘வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?’ என்று டாக்டர் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ‘ஒண்ணும் இல்ல டாக்டர்.’ டப்பாவை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.