உப்பிலாக் கீரையும் அடைத்த கதவும்

மரக்காணத்து உப்பளங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் யாவரும் கண்டிருப்பர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர் பலர். அதனை யாத்த நத்தத்தனாரும் இதற்கு வடபாலுள்ள இடைக்கழிநாட்டு நல்லூரினர். பரிசில் பெற்ற பாணன் பெறாதவனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும் நூல் அது. (இம்மரபிலன்றோ நம் நாகூர் குலாம் காதிறு நாவலரும் புலவராற்றுப்படை பாடினார்!) 269 அடிகள் கொண்ட அப்பாட்டில் நம் நெஞ்சைத் தைப்பது நல்லியக்கோடனின் கொடையன்று, பாணன் வீட்டு அடுக்களையே.

கண் திறவாக் குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றியிழுக்க, பொறாது குரைக்கிறது தாய் நாய். சுவரிலே கறையான், தரையிலே காளான். கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்புமின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்டுவிடுவரே என நாணிக் கதவை அடைத்த பின்னரே சுற்றத்தோடு உண்கிறாள். ஈண்டு ஒரு சொல்லை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அங்ஙனம் காண்போரைப் புலவர் 'மடவோர்' என்கிறார். அறியாமை பார்ப்பவரிடம் உள்ளது. இழிவு கீரை உண்பவரிடம் இல்லை. மேலும், அந்த நாணம் வறுமையால் வந்தது, பிறப்பால் வந்ததன்று.

அப்பாணன் செல்லும் வழியில் எயிற்பட்டினம் குறுக்கிடுகிறது. அலை ஒதுக்கிய மணமிகு விறகு, ஒட்டகங்கள் உறங்குவதுபோல் கிடக்கிறதாம். தமிழில் ஒட்டகம் எத்துணைத் தொன்மையானது, பாருங்கள்! அவ்விறகெரித்து நுளைமகள் அட்ட தேறலையும், சுட்ட மீனையும் பரதவர் அவனுக்கு அளிக்கின்றனர். நுளையர் என்னும் பெயரிலும் பின்னாளில் இழிவு ஏற்றப்பட்டது. வள்ளலின் வாயிலோ பொருநர், புலவர், அந்தணர் எவர்க்கும் மூடப்படாதது.

பல நூற்றாண்டுகள் சென்றபின் அதே யாழ்க்குலம் எங்கே நிற்கிறது? 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயிலின் வாயிலில் நின்று யாழ் மீட்டுகிறார். அவரை உள்ளே கொணர இறைவனே அடியார் கனவில் ஆணையிட வேண்டியிருந்தது. திருவாரூரிலோ அவருக்கென வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பட்டது. சேக்கிழார் அதனைத் திருவருளாகவே போற்றுகிறார். அவர் பக்தியில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், ஒருவரை உயர்த்திப் பாடிய அவ்விடத்திலேயே, அவர் குலத்தார் பொதுவாயிலில் புகலாகாது என்னும் வழக்கம் வினவப்படாமல் நின்றுவிட்டது. இகழ்ச்சி மொழியைக் காட்டிலும் இத்தகைய புகழ்மொழியை இனங்காண்பது அரிது.

எயிற்பட்டினத்துக்கே மீள்வோம். 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் நிகழ்ந்த சாதிக் கலவரத்தில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. நாணி அடைத்துக்கொள்ளவும் அங்கே கதவில்லை.