சோறு கொடுத்துப் பிறஷரைக் குறைத்த வைத்தியர்

எங்கட வீடுகளில் யாருக்காவது பிறஷர் எண்டு தெரிஞ்சால் முதலில் வாற அறிவுரை ‘உப்பைக் குறை’. சீனி வருத்தமும் சேர்ந்துவிட்டால் ‘சோத்தைக் குறை’. இதைக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு, வெள்ளைச் சோறும் பழமும் சீனியும் கொடுத்தே பிறஷரைக் குறைத்த ஒரு வைத்தியரின் கதை முதலில் பகிடி மாதிரித்தான் இருந்தது.

வால்ட்டர் கெம்ப்னர் 1903இல் பெர்லினில், யூதப் பின்னணி கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். தாய் லிடியா ரபினோவிச் காசநோய்க் கிருமியை ஆராய்ந்தவர். பெர்லினில் பேராசிரியர் பட்டம் பெற்ற முதல் பெண். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், 1934இல் கெம்ப்னர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அந்தக் காலத்தில் உயர் குருதியமுக்கத்துக்கு நல்ல மருந்து இல்லை. 1945 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து இறந்த அன்று அவருடைய அமுக்கம் 300/190. நாட்டின் தலைவருக்கே அதுதான் நிலைமை என்றால், சாதாரண ஆட்களை யோசித்துப் பாருங்கள்.

கெம்ப்னர் சிறுநீரகத்தின் வேலையைக் குறைக்கப் பார்த்தார். 1939இல் அவர் தொடங்கிய உணவில் சோறு, பழம், பழச்சாறு, சீனி மட்டும்தான். இறைச்சி இல்லை, பால் இல்லை, எண்ணெய் இல்லை, உப்பும் இல்லை. ஒரு நாளைக்குப் புரதம் ஏறக்குறைய 20 கிராம். சோடியம் 150 மில்லிகிராமுக்கும் குறைவு.

நீண்ட காலம் இப்படிச் சாப்பிடுவது ஆபத்து என்று அவரே பயந்தார். 1942இல் ஒரு பெண்ணிடம் இரண்டு கிழமையில் திரும்பி வரச் சொன்னார். அவருடைய ஜேர்மன் உச்சரிப்பு விளங்காமல், அந்தப் பெண் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தார். பார்த்தால் அமுக்கம் இறங்கியிருந்தது. பெருத்திருந்த இதயம் சுருங்கியிருந்தது. கண்ணுக்குள் இருந்த இரத்தக் கசிவும் மறைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்குத் துணிவு வந்தது.

1944இல் முடிவுகளை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. அவரிடம் முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேயும் கண் படங்களும் இருந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, அந்த உணவு கொடுக்காத இன்னொரு குழு இருக்கவில்லை. 1958இல் தயசைட் மாத்திரை வந்ததும், உப்பில்லாச் சோற்றோடு மல்லுக்கட்டும் தேவை பலருக்கு இல்லாமல் போனது.

கதை இங்கே முடிந்திருந்தால் நாங்களும் அவரைக் கொண்டாடிவிட்டுப் போயிருப்போம். ஆனால் இந்த உணவைக் கடைப்பிடிப்பது லேசில்லை. மீறிய நோயாளிகள் சிலரை அவர் அடித்திருக்கிறார். 1990களில் முன்னாள் நோயாளி ஒருவர் வழக்குப் போட்டபோது இது வெளியே வந்தது. சிலரை அடித்ததை அவரே ஒத்துக்கொண்டார். 1997இல் இறந்தார்.

‘சோறுதான் மருந்து’ என்று இதை யாரும் குடும்பக் குறூப்பில் போட்டுவிடாதேங்கோ. பெரும்பங்கு வேலை செய்தது சோறு இல்லை, தட்டில் இல்லாமல் போன உப்பு. அதுவும் வைத்தியர் பக்கத்தில் நின்று, சிறுநீரையும் இரத்தத்தையும் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்துச் செய்த வேலை.

உணவால் ஒரு வருத்தத்தைத் திருப்பலாம் என்று அவர் காட்டியது உண்மை. நோயாளியின் நன்மைக்கு என்று சொல்லிக் கையோங்கியதும் உண்மை. எங்கள் ஊர்களிலும் ‘உன்ர நல்லதுக்குத்தான்’ என்ற சொல்லோடு விழுந்த அடிகளை நாங்கள் மறக்கவில்லை. அதனால் கெம்ப்னரை வாசிக்கும்போது இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.