சாவிக்கொத்து

திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளென்றால் வகுப்பறைவரை நாதஸ்வரம் கேட்கும். முருகன் தெய்வானையை மணந்த ஊர். இங்கே தாலி கட்டினால் குடும்பம் விளங்கும் என்று சுற்றுப்பட்டுச் சனமெல்லாம் வந்துவிடும். 1992இல் அப்படியொரு நாளில்தான், எட்டாம் வகுப்பில், என் பக்கத்துப் பெஞ்சுக்காரி வெட்டி இழுத்துக் கீழே விழுந்தாள். டீச்சர் பீரோச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். இரண்டு பேர் கால்களை அமுக்கினார்கள். ஒருத்தி பல்லுக்கிடையில் ஸ்கேலைச் செருகினாள். இரண்டு நிமிடத்தில் இழுப்பு நின்றது. சாவிதான் நிறுத்தியது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பெரும்பாலான வலிப்பு அந்நேரத்துக்குள் தானாகவே நின்றுவிடும். இரும்புக்கு இவ்வளவு பேர் கிடைத்தது அப்படித்தான்.

அப்புறம் அவள் பள்ளிக்கு வரவில்லை. "விஷயம் வெளிய தெரிஞ்சுபோச்சுக்கா" என்று அவள் அம்மா என் அம்மாவிடம் சொன்னார்.

வெளியே தெரிந்தால் என்ன? சட்டத்திலேயே பதில் இருந்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் முதலில் வலிப்பு என்ற சொல் இல்லை. 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில் வந்த திருத்தம்தான், மனநோயோடு வலிப்பையும் சேர்த்து, அது திரும்பத் திரும்ப வருபவர் மணம்புரியத் தகுதியற்றவர் என்றது. அப்படி நடந்த திருமணத்தை ரத்து செய்யவும் கோரலாம். பரஸ்பர சம்மத விவாகரத்தைத் தந்த அதே திருத்தம்! அதை முன்னேற்றம் என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். வலிப்பு பற்றிய வரி அப்போது என் கண்ணில் படவில்லை.

சட்டம் இருபாலருக்கும் பொதுதான். ஆனால் மாப்பிள்ளையின் வலிப்பு, மருமகள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம். பெண்ணுக்கு இருந்தால் மட்டும் ஏமாற்று. ஆகவே பெண்ணைப் பெற்றவர்கள் மறைத்தார்கள். மாத்திரையைப் பள்ளிப் பையில்கூட வைக்கவில்லை. வீடுகளே சொல்லாத ஒன்றை ஆசிரியர் எப்படிக் கற்றிருப்பார்? அந்த டீச்சர்மீது எனக்குக் கோபமில்லை.

1999 டிசம்பரில் அந்தச் சொல் நீக்கப்பட்டது. இருபத்து மூன்று ஆண்டுகள்.

போன வருடம் என் வகுப்பில் ஒரு மாணவி விழுந்தாள். மூன்று பேர் சாவி தேடினார்கள். நான் பெஞ்சுகளை நகர்த்தி, துப்பட்டாவை மடித்துத் தலைக்கடியில் வைத்துவிட்டுக் கடிகாரம் பார்த்தேன். கைகாலைப் பிடிக்கவில்லை, வாயில் எதையும் வைக்கவில்லை. இழுப்பு தணிந்ததும், எச்சில் வெளியே வழியும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழைக்க ஒருத்தி போனோடு நின்றாள். தாண்டவில்லை.

சாயங்காலம் அவள் அம்மா பேசினார். என்ன ஆயிற்று, என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. "ஆவணியில நிச்சயம் வச்சிருக்கோம் மேடம். காலேஜ்ல யாரும் வெளிய பேசிராமப் பாத்துக்கங்க" என்றார்.