டேட்டன் மணலில் இறுகிய அலுமினியம்

அலுமினியத்தோடு நூற்றுக்கு எட்டுப் பங்கு செம்பு. ரைட் சகோதரர்களின் 1903 விமான இன்ஜினுக்குக் கிராங்க்கேஸ் என்னும் உடற்கூட்டை வார்த்தது இந்தக் கலவையில்தான். கோவை கணபதியில், வீட்டுக் கொல்லையில் கரி உலை போட்டு வார்க்கிற எனக்கு இதைவிட நெருக்கமான வார்ப்பு சரித்திரத்தில் இல்லை.

இந்தக் கலவையை நானும் போடுகிறேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். செம்புக்கு 1,085 டிகிரி வேண்டும். அதற்காக உலையை அவ்வளவு ஏற்ற வேண்டியதில்லை. மேல்தோல் சுரண்டிய செம்புக் கம்பித் துண்டுகளை உருகிய அலுமினியத்துக்குள் அமுக்கிப் பிடித்தால், 750 டிகிரியிலேயே மெல்லக் கரைந்துபோகும். செம்பு கனம், அடியில் தங்கும். ஆகவே மூசையின் அடிவரை கிளற வேண்டும். கசடை வழித்துவிட்டு ஈரமணல் அச்சில் ஊற்றுவேன். வெறும் அலுமினியம் அரத்தின் பற்களில் அப்பிக்கொள்ளும். இந்தக் கலவையோ சுத்தமாகத் தூளாய் உதிரும். கைக்கே வித்தியாசம் தெரியும்.

அமெரிக்காவின் டேட்டன் நகரில், சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் அந்த இன்ஜினை உருவாக்கினார். கிராங்க்கேஸை உள்ளூர் பவுண்டரி வார்த்துக் கொடுத்தது. பிப்ரவரி சோதனையில் அது உடைந்தது, மறுபடி வார்த்தார்கள். இரும்பில் வார்த்திருந்தால் டிசம்பர் 17 அன்று அந்த விமானம் எழும்பியிருக்குமா என்பதே சந்தேகம்.

செம்பு கலந்த அலுமினியம் நாள்பட இறுகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1906-இல் ஜெர்மனியில் உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம், செம்பும் துளி மெக்னீசியமும் சேர்ந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்து வைத்தார். சில நாளில் அது தானாகவே இறுகியிருந்தது. டியூராலுமின் பிறந்தது அப்படித்தான். உலோகத்துக்குள் செம்பு அணுக்கள் நுண்ணிய கூட்டங்களாகத் திரள்வதே அதற்குக் காரணம் என்பதை, 1938-இல் பிரான்சின் கினியேவும் இங்கிலாந்தின் பிரெஸ்டனும் எக்ஸ்ரே மூலம் தனித்தனியாகக் காட்டினார்கள்.

பாடநூல்கள் இந்த இறுகலின் கதையை வில்மிடமிருந்து தொடங்குகின்றன. கண்டறிந்த பெருமை அவருக்கே. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், காரணம் தெரியாமலே இறுகும் அலுமினியத்தை முன்பே வார்த்துவிட்ட டேட்டன் மோல்டர்களை முதல் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பேன். 1994-இல் உலோகவியலாளர்கள் பிராங்க் கெய்லும் மார்த்தா குட்வேயும் அந்தக் கிராங்க்கேஸின் துணுக்கை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதே செம்புக் கூட்டங்கள் இரண்டு அளவில் இருந்தன. பெரியவை, வார்த்த சூடு அச்சுக்குள் மெல்லத் தணிந்தபோதே திரண்டவை. சிறியவை, அதன்பின் தொண்ணூறு ஆண்டுகள் சும்மா இருந்த காலத்தில் திரண்டவை.