காங்கிரஸ்காரரா, தலித் போராளியா? இளையபெருமாளை இன்று எல்லாக் கட்சிகளும் சொந்தம் கொண்டாடுவது ஏன்?

புவனகிரியில் பஸ் ஏறி வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் சிதம்பரம். அங்கே 2025 ஜூலையில் எல்.இளையபெருமாள் நூற்றாண்டு நினைவு அரங்கத்தை முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். காங்கிரஸ் தலைவருக்கு திமுக அரசு கட்டிய அரங்கம். விசிகவும் அவரைத் தங்கள் முன்னோடி என்கிறது. அப்படியென்றால் அவர் யாருடைய ஆள்?

யார் இந்த இளையபெருமாள்?

1924-ல் காட்டுமன்னார்கோயிலில் பிறந்தவர். பள்ளியில் சேரிப் பிள்ளைகளுக்கென்று தண்ணீர்ப் பானை தனியாக இருந்தது. அந்தப் பானையைப் போட்டு உடைத்தார் என்பது இந்தப் பகுதியில் இன்றும் பெரியவர்கள் சொல்லும் கதை. ராணுவத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். சாவுக்குப் பறையடிப்பது, செத்த மாட்டைத் தூக்குவது போன்ற கட்டாய வேலைகளை எதிர்த்து மக்களைத் திரட்டினார். 1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே எம்.பி. ஆனார். அப்போது வயது 30-ஐக் கூடத் தொடவில்லை.

அந்த அறிக்கையில் என்ன இருந்தது?

1965-ல் தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கு இவர்தான் தலைவர். நாடு முழுக்கச் சுற்றி, 1969-ல் அறிக்கை கொடுத்தார்கள். கிணறு, டீக்கடை, கோயில் என்று எங்கெங்கே ஒதுக்குகிறார்கள் என்பதை அரசு ஆவணத்திலேயே எழுதி வைத்தது பெரிய விஷயம். 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-ல் கடுமையாக்கப்பட்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதற்கும் இந்த அறிக்கைதான் அடிப்படை.

அதிலிருந்த இன்னொரு பரிந்துரை, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்பது. அதை மேற்கோள் காட்டித்தான் 1970-ல் கருணாநிதி அரசு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. 'அனைத்து சாதியினரும் அர்ச்சகர்' என்றதும் பெரியார் பெயரும் கருணாநிதி பெயரும்தான் நினைவுக்கு வரும். இளையபெருமாள் பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

பிறகு ஏன் விமர்சனம்?

அவர் வாழ்ந்த கட்சிதான் காரணம். அறிக்கை கொடுத்தபோது டெல்லியில் ஆண்டது காங்கிரஸ். சட்டம் திருந்த 7 வருஷம் ஆனது. அப்போதும் கட்சியை விடவில்லை, பிறகு மாநிலத் தலைவராகவும் ஆனார் என்பது ஒரு தரப்பின் குறை. உள்ளே இருந்ததால்தான் அந்த அறிக்கையே சாத்தியமானது என்கிறது மறு தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால், பின்னாளில் அவரே வெளியே வந்து இந்திய மனித உரிமைக் கட்சியை நடத்தினார் என்பதை இரண்டு பேருமே வசதியாக விட்டுவிடுகிறார்கள். 2005-ல் காலமானார்.

பரிந்துரை என்ன ஆனது?

பரம்பரை உரிமையை ரத்து செய்தது செல்லும், ஆனால் நியமனத்தில் ஆகமத்தை மீறக்கூடாது என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் வழக்கு மேல் வழக்கு. பயிற்சி முடித்த பல சாதியினர் 24 பேருக்கு ஒரே நாளில் பணி ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்ட்டில்தான். அறிக்கை வந்து 52 வருஷம் கழித்து!

சிதம்பரம் நடராஜர் கோயில் இந்தக் கணக்கிலேயே வராது. 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நிர்வாகம் பொது தீட்சிதர்களிடம் இருக்கிறது, பூஜை உரிமையும் அவர்களுக்குப் பரம்பரையாகவே தொடர்கிறது. இளையபெருமாளின் நினைவு அரங்கம் இருப்பதும் இதே ஊரில்தான்.