கண்ணாடியைத் தாங்கும் கதவு

மூடிய கார்கள் வந்த புதிதில் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கத் தோல்வார்தான் இருந்தது. குதிரை வண்டியிலும் ரயில் பெட்டியிலும் பழகிய ஏற்பாடு அது. வாரின் நுனி கண்ணாடிச் சட்டத்தின் அடியில் பிணைந்திருக்கும். இழுத்தால் கண்ணாடி மேலே வரும். வாரிலுள்ள துளையொன்றைக் கதவிலுள்ள குமிழில் மாட்டினால் அங்கேயே நிற்கும். துளை இல்லாத உயரத்தில் நிறுத்த வழியில்லை.

இது நெடுநாள் யாரையும் உறுத்தவில்லை. 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் 100க்கு 90 திறந்த வண்டிகள், மழைக்குத் துணித்திரைதான். 1922இல் ஹட்சன் நிறுவனம் குறைந்த விலையில் எசெக்ஸ் என்ற மூடிய காரைக் கொண்டுவந்தபின் நிலைமை தலைகீழானது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலான கார்கள் மூடியவையாகிவிட, கண்ணாடிக்கு உறுதியான பொறி தேவைப்பட்டது.

அந்தப் பொறிதான் ரெகுலேட்டர். கைப்பிடியைச் சுற்றினால் சிறு பற்சக்கரம் ஒன்று விசிறி வடிவப் பல் தகட்டை நகர்த்தும். தகட்டோடு சேர்ந்த கை கண்ணாடியை உயர்த்தும். ஏற்றுவதற்கு இவ்வளவு போதும். ஆனால் கைப்பிடியை விட்டவுடன், வண்டி குலுங்கும் போதெல்லாம், கண்ணாடியின் எடை கைப்பிடியைப் பின்னோக்கிச் சுற்றிவிடும். ஜெர்மனியின் கோபுர்க் நகரில் மாக்ஸ் புரோசெயின் நிறுவனம் 1920களின் பிற்பகுதியில் தயாரித்த ரெகுலேட்டரில் இதற்கு விடை இருந்தது. அசையாத உருளைக் கூட்டுக்குள் ஒரு சுருள்வில். கைப்பிடி சுற்றும்போது வில்லின் முனைகள் இழுபட்டு அது சுருங்கும். உடனே தடையின்றிச் சுழலும். கண்ணாடி கீழிருந்து இழுத்தாலோ வில் விரிந்து கூட்டின் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். எடை கூடினால் பிடியும் கூடும். கைப்பிடிக் கண்ணாடியின் சூட்சுமம் முழுவதும் இந்தச் சுருளில்தான்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. 1959இல் வந்த மினி காரில் அலெக் இசிகோனிஸ் பக்கவாட்டில் நகரும் கண்ணாடியை வைத்து, பொறி இல்லாததால் மிஞ்சிய கதவின் உட்புறத்தைப் பொருள் வைக்கும் இடமாக்கினார். பத்தாண்டில் மினிக்கும் கைப்பிடி வந்துவிட்டது. இந்தியாவில் அம்பாசடரும் மாருதி 800உம் கைப்பிடியோடுதான் பல தலைமுறைகளுக்குப் பழக்கமாயின.

மின்விசை முதலில் ஆடம்பரம். 1940இல் பேக்கார்டு 180 காரில் கண்ணாடியை ஏற்றியது எண்ணெய் அழுத்தம். குழாய் கசிந்தால் கதவே நாசம். 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல், மோட்டாரை நேரடியாகப் பயன்படுத்தியது. மோட்டாரின் திருகுப்பல், சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தால் திருகுப்பல்லைச் சுழற்ற முடியாது. அதனால் பழைய சுருள்வில்லின் வேலை மோட்டாருக்குள்ளேயே முடிந்துவிட்டது. பவர் விண்டோவில் குழந்தைகள் சிக்கும் ஆபத்து தனி. முழங்கால் பட்டாலே கண்ணாடி ஏறிவிடும் சுவிட்சுகளை விலக்கும் விதியை அமெரிக்க அரசு 2004இல்தான் வெளியிட்டது.

எடையைக் குறைக்க இரும்புக் கைகளுக்குப் பதிலாகக் கம்பிவடமும் பிளாஸ்டிக் நகர்த்திகளும் வந்தபின் பழுதின் குணமும் மாறியது. பல் தகடு தேயப் பல ஆண்டு ஆகும். கிரீஸ் தடவி ஓட்டலாம். நகர்த்தி உடைந்தாலோ வடம் பிசிறு பிசிறாகச் சிக்கி, கண்ணாடி ஒரே சத்தத்தோடு கதவுக்குள் விழுந்துவிடும். அதைச் சரிசெய்ய யாரும் முயல்வதில்லை, முழு ரெகுலேட்டரும் மாறும். உள்பலகையைக் கழற்றி, நீர் புகாமல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்து, கண்ணாடியை மேலே தூக்கிக் கதவுச் சட்டத்தோடு டேப்பால் ஒட்டி நிறுத்திய பிறகே கை உள்ளே போகும். பல வண்டிகளில் போல்ட்டுக்குப் பதில் ரிவெட் இருப்பதால் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். மோட்டார் கெடாமல் இருந்தால் அதை மட்டும் கழற்றிப் புதிய ரெகுலேட்டரில் மாட்டிக்கொள்வது வழக்கம்.